புற்றுநோய் மருந்தும் மேனித் தடிப்பும்: அஞ்சவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா

நோயைத் தீர்க்கும் மருந்து சிலவேளைகளில் உடலுக்கு வேறொரு தொல்லையையும் தரும் என்பது யாவரும் அறிந்ததே. வலிக்கு உண்ணும் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குவதுண்டு. சளிக்கு அருந்தும் மருந்து தூக்கத்தை வரவழைப்பதுண்டு. இத்தகைய சிறு தொல்லைகளை நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால், புற்றுநோய்க்கு மாத்திரை உண்ணத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் முகமெங்கும் பருப்பருவாகக் கிளம்பினால், அதனை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள எவராலும் இயலாது.

அந்நிலையில் நடப்பது என்ன? நோயாளி கண்ணாடியைப் பார்க்க அஞ்சுகிறார். அண்டை வீட்டார் வாசலோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகின்றனர். மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு செய்து, மாத்திரையை ஒருவருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்துவிடுகிறார். சில வாரங்களில் முகம் தெளிகிறது, வீட்டாரும் மகிழ்கின்றனர். ஆனால் உள்ளே அடங்கியிருந்த நோய் மீண்டும் தலையெடுக்கிறது. முகத்துப் பருவுக்கு அஞ்சி, உயிர் காக்கும் மருந்தைக் கைவிட்டதன் விளைவு இது.

இவ்விழப்பு தவிர்க்கக் கூடியது. இத்தடிப்பு ஏன் வருகிறது, எப்பொழுது வருகிறது, வந்தால் என்ன செய்வது என்பனவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் போதும். அவற்றையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

குறி பார்த்துத் தாக்கும் மருந்து

நமது உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. அவை அளவோடு பெருகி, அளவோடு மடிகின்றன. கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்கும் உயிரணுக்களின் கூட்டமே புற்றுநோய். நெடுங்காலமாக இந்நோய்க்கு வழங்கப்பட்டு, இன்றும் பல நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டு வரும் மருந்துகள், வேகமாகப் பெருகும் உயிரணு எதுவாயினும் அதனைத் தாக்கும் இயல்புடையவை. அதனால்தான் அவற்றைப் பெறுவோருக்குத் தலைமுடி கொட்டுகிறது; வாயில் புண் உண்டாகிறது.

மலைச்சரிவில் லாலான் மண்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவு முழுவதும் மருந்தடித்தால் லாலானும் மடியும், அதனூடே வளரும் நற்செடிகளும் மடியும். அவ்வாறின்றி லாலானை மட்டும் இனங்கண்டு வேரோடு களைவது இன்னொரு முறை. அண்மைக் காலத்தில் வந்துள்ள புதுவகை மருந்துகள் இவ்விரண்டாம் முறையைச் சார்ந்தவை. புற்று உயிரணு எந்த உறுப்பின் துணையால் பெருகுகிறதோ, அவ்வுறுப்பைக் குறி பார்த்து அவை செயலிழக்கச் செய்கின்றன.

இவற்றுள் ஒன்று, இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை. நுரையீரல் புற்றுநோய்க்கான கெஃபிட்டினிப் 2002ஆம் ஆண்டில் முதன்முதலாக ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது. அதே வழியில் எர்லோட்டினிப், அஃபாட்டினிப், ஓசிமெர்ட்டினிப் ஆகியவை வந்தன. பெருங்குடல் புற்றுநோய்க்குச் செடுக்சிமாப் என்னும் மருந்து ஊசி வழியே தரப்படுகிறது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குச் சோராஃபெனிப் வழங்கப்படுகிறது. நுரையீரல் புற்றுநோயைத் தூண்டும் ஒருவகை மரபணு மாற்றம், மேலை நாட்டினரைவிட ஆசிய நாட்டினரிடத்தில், அதிலும் புகை பிடிக்காதவரிடத்தில், மிகுதியாகக் காணப்படுகிறது. ஆதலால் இம்மருந்துகள் நம்மவருக்குத் தொலைவானவை அல்ல.

தோல் ஏன் துன்புறுகிறது?

குறி பார்த்துத் தாக்கும் மருந்து தோலை ஏன் தொட வேண்டும் என்ற ஐயம் எழுவது இயல்பே.

விடியற்காலையில் பெரட்டுக்கு அழைக்கும் மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணி ஒலித்தால் ஆட்கள் எழுந்து வேலைக்குப் புறப்படுவர், ஒலிக்காவிட்டால் படுத்திருப்பர். உயிரணுவின் மேற்புறத்திலும் இத்தகைய மணி ஒன்று உண்டு. அதனை வளர்ச்சி ஏற்பி என்பர். வளர்ச்சிக்கான சைகை வந்து தொட்டால்தான் அது ஒலிக்கும், உயிரணு பெருகும். சிலவகைப் புற்றுநோய்களில் இந்த மணி பழுதுற்று, இரவு பகலாக ஓயாமல் ஒலிக்கிறது. கெஃபிட்டினிப் போன்ற மருந்துகள் அம்மணியின் நாக்கைக் கட்டிவிடுகின்றன.

ஆனால் அதே மணி தோலிலும் உள்ளது. இரப்பர் மரத்தின் பட்டையை நன்கறிந்தவர்கள் நீங்கள். வெட்டிய பட்டை மீண்டும் வளர்வது, கட்டையை ஒட்டியுள்ள மெல்லிய உயிர்ப்படலத்தினாலேயே. கத்தி ஆழ்ந்து அப்படலத்தைக் காயப்படுத்தினால் புதுப்பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகிவிடும். நமது மேல்தோலின் அடியிலும் அவ்வாறே ஓர் அடுக்கு உண்டு. அங்கே புதிய உயிரணுக்கள் தோன்றி, மேலே எழுந்து, பழையன உதிர உதிர அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இந்த அடுக்கிலும், முடியின் வேர்க்குழியிலும், நகத்தைச் சுற்றியும் மேற்சொன்ன வளர்ச்சி ஏற்பி நிறைந்துள்ளது. மருந்து உள்ளே சென்றதும் புற்றுக்கு ஒலிக்கும் மணியோடு தோலுக்கு ஒலிக்கும் மணியும் அடங்கிப் போகிறது. அதனால் தோல் மெலிந்து, வறண்டு, வேர்க்குழிகளில் அழற்சி கொள்கிறது.

இந்த வளர்ச்சிச் சைகை கண்டறியப்பட்ட வரலாறும் இதற்குச் சான்றாகும். அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி கோஹன், சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். அவற்றின் கண்ணிமைகள் உரிய நாளுக்கு முன்பே திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. 1962ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பிலிருந்தே மேல்தோல் வளர்ச்சிக் காரணி உலகுக்குத் தெரிய வந்தது. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1986ஆம் ஆண்டில் அவரும் ரீட்டா லெவி மோன்டால்சினி அம்மையாரும் நோபல் பரிசு பெற்றனர். மேல்தோலை வளர்க்கும் சைகையைத் தடுத்தால் மேல்தோல் வருந்தும் என்பதில் வியப்பில்லை.

எப்பொழுது, எங்கே தோன்றும்?

கெஃபிட்டினிப், எர்லோட்டினிப், செடுக்சிமாப் போன்ற மருந்துகளைப் பெறுவோரில் பாதிப் பேருக்கும் மேலாகத் தோலில் ஏதேனும் ஒரு மாறுதல் உண்டாகிறது. ஓசிமெர்ட்டினிப் உண்போருக்கு அது பெரும்பாலும் மென்மையாகவே இருக்கும்.

முதல் இரண்டு வாரங்களுக்குள் முகம், மூக்கின் இருபுறம், தலை, மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் எழும். அரிப்பும் எரிச்சலும் இருக்கும். சிலவற்றில் சீழ் போன்ற வெண்முனை காணப்படும். மூன்றாம், நான்காம் வாரங்களில் இது உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லத் தணியும். ஓரிரு மாதங்களில் தோல் வறண்டு செதிள் உதிரும். விரல் நுனிகளில் வெடிப்பு உண்டாகும். அதன்பின் சிலருக்குக் கால் பெருவிரல் நகத்தின் ஓரம் வீங்கிப் புண்ணாகும். தலைமுடி மெலியும், கண்ணிமை முடியோ நீண்டு சுருளும். அது கண்ணை உறுத்தினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தடிப்பு சிவப்பாக இருக்கும் என்று பல நூல்கள் எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். நம்மவரின் கருநிறத் தோலில் அது கரும்பழுப்பாகவோ ஊதா நிறமாகவோதான் தோன்றும். சிவப்பு தெரியவில்லையே என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. பரு ஆறிய பின்னும் கரிய தழும்பு பல மாதங்கள் தங்கக்கூடும். அது நாளடைவில் மங்கும்.

அம்மையுமன்று, தொற்றுமன்று

முகத்தில் முத்து முத்தாக எழுந்தால் அம்மை பார்த்திருக்கிறது என்று கூறி, வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியை ஒதுக்கி வைப்பது நமது பழைய வழக்கம். மருந்தினால் வரும் இத்தடிப்பு அம்மையன்று. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. ஒரே தட்டில் உண்ணலாம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். தெய்வக் குற்றமோ செய்வினையோ இதற்குக் காரணமன்று. எனினும், புற்றுநோயாளிக்கு உண்மையான அம்மையும் அக்கியும் வரக்கூடுமாதலால், காய்ச்சலோடு நீர்க்கொப்புளம் எழுந்தால் தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இமாட்டினிப் உண்போர் சிலருக்குக் காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் காணும். தோலின் நிறமும் வெளுக்கும். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களுக்குத் தேவையான ஒரு சைகையையும் அம்மருந்து தடுப்பதே இதற்குக் காரணம். நிறம் வெளுத்தவரைக் கண்டு, பெருநோயோ என்று ஐயுறுவோரும் உளர். 1930ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்ட காலத்திலிருந்தே தோல் நோய் என்றால் பிரித்து வைப்பது என்னும் அச்சம் நம்மவர் நெஞ்சில் ஊன்றிவிட்டது. தொழுநோயே இன்று மாத்திரையால் குணமாகிறது. அவ்வாறிருக்க, மருந்தினால் நிறம் மாறிய ஒருவரை ஒதுக்குவது அறியாமையேயாகும்.

கையும் காலும் நொந்தால்

சோராஃபெனிப் போன்ற மருந்துகள் வேறொரு தொல்லையைத் தருகின்றன. முதல் சில வாரங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், அழுத்தம் படும் இடங்களில் தோல் தடித்து, காய்ப்பு ஏறி, தொட்டால் நோகும். குதிகாலும் பாதத்தின் முன்பகுதியும் நடக்கவிடாமல் வலிக்கும். கத்திப்பிடியால் கை காய்த்தவர்களும், நாள்தோறும் மலைச்சரிவில் ஏறி இறங்குபவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மருந்து தொடங்குமுன்பே காய்ப்புகளை மருத்துவரிடம் காட்டி மென்மையாக்கிக்கொள்வது நன்று. இறுக்கமான காலணியை விடுத்து, மெத்தென்ற அடிப்பாகமுள்ள காலணியும் பருத்திக் காலுறையும் அணிதல் வேண்டும்.

இதற்கு யூரியா கலந்த களிம்பு நற்பயன் தருகிறது. சீன நாட்டில் கல்லீரல் புற்றுநோயாளரிடையே நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 100க்கு 10 பங்கு யூரியா கலந்த களிம்பைத் தொடக்கத்திலிருந்தே பூசியவர்களுக்கு இத்தொல்லை குறைவாகவே வந்தது. யூரியா என்றதும் மரத்துக்கு இடும் உரத்தை நினைத்துவிடல் ஆகாது. மருந்தகத்தில் தரும் களிம்பையே குறிக்கிறோம்.

செய்ய வேண்டியவை

தடிப்பு வந்த பின் தவிப்பதைவிட, வருமுன் காப்பதே மேல். அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோயாளர் 95 பேரிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செடுக்சிமாப் போன்ற ஒரு மருந்தைத் தொடங்குமுன்பே சிலருக்குத் தோல் காப்பு தொடங்கப்பட்டது: ஈரப்பதக் களிம்பு, வெயில் தடுப்புக் களிம்பு, மென்மையான அழற்சிக் களிம்பு, டாக்சிசைக்ளின் மாத்திரை ஆகிய நான்கும் வழங்கப்பட்டன. மற்றவர்களுக்குத் தடிப்பு வந்த பின்னரே மருந்து தரப்பட்டது. பின்னவருள் 100க்கு 62 பேர் நடுத்தர அல்லது கடுமையான தோல் தொல்லைக்கு ஆளாயினர். முன்னவருள் 100க்கு 29 பேர் மட்டுமே அவ்வாறு ஆளாயினர். ஆகவே, முதல் மாத்திரையைப் பெறும் நாளிலேயே “என் தோலுக்கு என்ன செய்ய வேண்டும், டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். களிம்பையும் மாத்திரையையும் அவரே ஆராய்ந்து தருவார்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

1. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரமே குளிக்க வேண்டும். மணமில்லாத மென்மையான சவர்க்காரம் நன்று. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பைப் பூச வேண்டும். காலையும் மாலையும் இதனைத் தவறாமல் செய்தல் வேண்டும்.

2. வெயில் தடிப்பை மிகுதியாக்கும். மர நிழலில் பால் வெட்டினாலும், பால் ஸ்டோருக்கு நடக்கும் வேளையில் வெயில் ஏறிவிடுகிறது. அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, காப்பளவு 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை தேவை. வியர்வையில் களிம்பு வழிந்துவிடுமாதலால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

3. பாலில் கலக்கும் அமோனியாவும், பாலை உறையவைக்கும் ஆசிட்டும் மெலிந்த தோலைச் சுட்டுவிடும். உள்ளே பருத்திக் கையுறையும் மேலே இரப்பர்க் கையுறையும் அணிய வேண்டும். சிகிச்சைக் காலத்தில் அவ்வேலையிலிருந்து மாற்றம் வேண்டுவோர், மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்தை அணுகலாம்.

4. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களைக் குடைதல் கூடாது. நனைந்த பூட்ஸைக் கழற்றியதும் காலைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

செய்யக் கூடாதவை

பார்வைக்குப் பரு போன்றிருந்தாலும் இது பருவ வயதில் வரும் முகப்பருவன்று. கடையில் விற்கும் பருக் களிம்பு தோலை மேலும் வறட்டும். முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளையும் தொடுதல் கூடாது. எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் புண்ணை ஆழமாக்கும். மஞ்சள் பூசிக் குளிப்பதையும், சீயக்காய் தேய்த்து முழுகுவதையும் தோல் ஆறும் வரை தள்ளிவைப்பது நலம். பருவைக் கிள்ளுதல் கூடாது.

நாட்டு மருந்தோ வேர்த் தூளோ உட்கொள்ள விரும்பினால் முதலில் மருத்துவரிடம் கூறுங்கள். சில பொருள்கள் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடும். கிரேப்ஃபுரூட் இனத்துப் பழங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. ஈப்போவில் பேர்பெற்ற பம்பளிமாசும் அவ்வினத்தைச் சார்ந்ததே. எர்லோட்டினிப் உண்பவர் புகை பிடித்தால் மருந்தின் வலிமை குறைந்துவிடும்.

உடனே செல்ல வேண்டிய வேளை

பெரும்பாலான தடிப்புகள் உயிருக்குத் தீங்கு செய்யா. ஆயினும் சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. காய்ச்சலோடு தடிப்பு பரவுதல். தோல் கொப்புளித்துத் தாள் தாளாக உரிதல். வாயிலும் கண்ணிலும் புண் உண்டாதல். புண் சூடேறி வீங்கிச் சீழ் வடிதல். முகமும் உதடும் வீங்குதல். புதிதாக மூச்சுத் திணறலும் இருமலும் தோன்றுதல். வயிற்றுப்போக்கு நிற்காமை ஆகியன அவை. இவற்றுள் எது கண்டாலும் அடுத்த மாத்திரையை உண்ணுமுன் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உண்ணும் மாத்திரையின் பெட்டியையும் சிகிச்சை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல மறவாதீர்கள். முதலில் பார்க்கும் மருத்துவருக்கு அவையே வழிகாட்டும்.

முடிவு செய்பவர் யார்?

தடிப்பு கடுமையானால் மருத்துவர்களே மருந்தைச் சில நாள் நிறுத்திவைப்பர். தோல் ஆறியதும் அதே அளவிலோ குறைந்த அளவிலோ மீண்டும் தொடங்குவர். தேவையானால் வேறு மருந்துக்கு மாற்றுவர். இவ்வாறு கணக்கிட்டு நிறுத்துவதற்கும், ஒருவருக்கும் சொல்லாமல் கைவிடுவதற்கும் பெரும் வேற்றுமை உண்டு. முன்னதில் நோயின் மீது கண் இருக்கிறது. பின்னதில் நோய்க்கு வழி திறந்துவிடப்படுகிறது. மாத்திரையை உண்ணாமலே உண்டதாகக் கூறினால், மருந்து பயன்படவில்லை என்று மருத்துவர் தவறாகக் கருதவும் நேரும்.

இம்மருந்துகளுள் பலவற்றைப் பெற்றோரை ஆராய்ந்தபொழுது, தோல் தடிப்பு கண்டவர்களுக்கு மருந்து நன்கு வேலை செய்திருப்பது அடிக்கடி காணப்பட்டுள்ளது. ஆகவே தடிப்பைக் கண்டு மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணுதல் முறையன்று. தடிப்பு வராதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கும் மருந்து பயன் தரும்.

புத்ராஜெயாவில் 2013ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும், பெரிய அரசாங்க மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறுவோர், மறுமுறை வரச் சொன்ன நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தடிப்பு தோன்றிய அன்றே தொலைபேசியில் கேட்கலாம். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலும் காட்டலாம். மலாய்மொழியில் பேசத் தயங்கும் முதியோருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகளோ தோட்டத்து நண்பர்களோ துணை நிற்க வேண்டும்.

லயத்தில் ஒருவருக்கு இவ்வாறு முகம் மாறினால், அக்கம்பக்கத்தார் செய்யத்தக்க உதவி பெரிதன்று. வாசலோடு நில்லாமல் உள்ளே சென்று அருகில் அமர்ந்து பேசுங்கள். “மாத்திரை சாப்பிட்டீர்களா, அக்கா? டாக்டரிடம் சொன்னீர்களா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, மூலையில் வைக்கப்பட்ட மாத்திரையை மீண்டும் கையில் எடுக்கச் செய்யும். உயிரைக் காக்கும் மருந்து தடைப்படாமல் தொடர, அதுவே பெருந்துணையாகும்.